லிஃப்ட் மெக்கானிக் எழுந்தார்

யார் வீட்டுக்குப் போனாலும் நான் உடனே உட்கார்ந்துவிட மாட்டேன். பழக்கம் அப்படி. மரியாதை தெரியாதவன் என்று சொந்தக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் பேசுவது காதில் விழுந்திருக்கிறது. பேசட்டும். நீங்கள் கேட்டதால் காரணத்தைச் சொல்கிறேன்.

நடமாட முடியாதவர்களுக்கு அரசாங்கம் உதவித்தொகை தருகிறது. தகுதியில்லாமல் வாங்கியவர்களிடமிருந்து அதைத் திரும்ப வாங்கும் பிரிவில் நான் விசாரணைக்காரன். வீடு தேடிப் போய், வாசலில் நின்றபடியே பேச்சுக் கொடுப்பேன். வந்தவர் நிற்க, தான் மட்டும் உட்கார்ந்திருக்க யாருக்கும் மனசு வராது. நாற்காலியை இழுத்துப் போட எழுந்துவிடுவார்கள். வலியைப் பல்லைக் கடித்து மறைத்துக்கொண்டு சிரிக்கவும் செய்வார்கள். 'உதவியின்றி எழுந்தார்' என்று குறித்துக்கொள்வேன். அதுவரை வாங்கியதெல்லாம் அன்றிலிருந்து கடன்.

என்னைக் கல்நெஞ்சன் என்று நினைக்காதீர்கள். எனக்கு ஆள் பார்த்துப் பேசத் தெரியாது, அவ்வளவுதான். தலைவலி என்று என் மனைவி படுத்திருந்தால்கூட, டிவியின் பின்பக்கம் சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மாத்திரை எடுத்துக் கொடுப்பேன்.

நான் விசாரிக்கப் போனவர்களில் ஒருவர் லிஃப்ட் மெக்கானிக். வேலை செய்த இடத்தில் லிஃப்ட் குழிக்குள் விழுந்து முதுகெலும்பு உடைந்தவர். யாராவது தாங்கிப் பிடிக்காமல் அவர் நிற்கக் கூடாது, இன்னொரு தடவை விழுந்தால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். டாக்டர்கள் கேட்டால் எழுதிக் கொடுப்பார்கள். முதல் தடவை நான் போனபோது முகமெல்லாம் சிரிப்பாக, கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்து எனக்கு நாற்காலியைத் தள்ளினார். கம்பியை நான் கணக்கில் எடுக்கவில்லை. கம்பி ஆள் இல்லையே. உதவித்தொகை நின்றது, பழைய பணத்தைக் கட்டச் சொல்லி நோட்டீஸும் போனது.

மேல்முறையீடு செய்தார்கள். அவர் மனைவி துணிக்கடையில் வேலை பார்க்கிறவர். விசாரணையில் குரலை உயர்த்தாமல்தான் பேசினார்.

"வந்தவங்கள நிக்க வைக்கக் கூடாதேன்னு எழுந்தாருங்க. அன்னைக்கு ராத்திரி பூரா துடிச்சுப் போயிட்டாரு. நீங்க இருங்கன்னு சார் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

நடுவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, மறுபடி போய்ப் பார்த்து அறிக்கை கொடுக்கச் சொன்னார். இத்தனை வருஷத்தில் என் வார்த்தையை யாரும் சந்தேகப்பட்டதில்லை. அவமானமாக இருந்தது. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

இம்முறை அவர் உஷாராக இருந்தார். நான் நின்றேன், அவர் அசையவில்லை.

"நாற்காலிய நீங்களே எடுத்துப் போட்டுக்குங்க சார். தப்பா நெனைக்காதீங்க, எழுந்தா இவ திட்டுவா."

அதைச் சொல்ல அவருக்கே கூச்சமாக இருந்தது. யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். பேனாவைக் கீழே போட்டேன். பார்த்தார், கை நீளவில்லை. கட்டிலடியில் கிடந்த செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். அடி தேயவே இல்லை. அதுதான் எனக்குச் சந்தேகத்தைக் கூட்டியது. எனக்காகவே புதிதாக வாங்கிப் போட்டிருக்கலாம் அல்லவா.

அவர் மனைவி எனக்குத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனார். அப்போது நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண்கள் செருக, சுவரோரமாகச் சரிந்தேன். நெஞ்சில் கோளாறு உண்டா என்று கேட்டீர்கள். கிடையாது. நடித்தேன்.

"சார், சார், விழுந்துடாதீங்க" என்று குரல் கேட்டது. எழுந்து வந்து இரண்டு கைகளாலும் என் தோளைத் தாங்கிக்கொண்டார். பிடிக்கக் கம்பியும் இல்லை, தாங்க ஆளும் இல்லை. நான் கண்ணைத் திறந்து, "இப்ப என்ன சொல்றீங்க?" என்றேன். முதலில் அவர் முகத்தில் தெரிந்தது நிம்மதி. எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற நிம்மதி. பிறகுதான் விஷயம் புரிந்தது. அதற்குள் கால்கள் மடங்கத் தொடங்கிவிட்டன. என் சட்டையைப் பிடித்தார். நான் விலகிக்கொண்டேன். நான் தாங்கியிருந்தால் உதவியோடு நின்றதாக ஆகியிருக்கும்.

விழுந்ததில் அவர் பிடரி கட்டில் விளிம்பில் பட்டது. அவர் மனைவி டம்ளரோடு வந்து நின்றார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, வாசலில் நின்று அறிக்கையை எழுதி முடித்தேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. நிஜமாகவே எழ முடியாதவராக இருந்திருந்தால், அந்த மனிதர் இன்று உயிரோடு இருந்திருப்பார்.