சிப்பிகாட் குட்டையின் வெண்படிவு

மரைன் ஹில்லிலிருந்து சிப்பிகாட்டுக்குப் பஸ்ஸில் போவது எனக்குப் பிடிக்கும். வழியெல்லாம் பாக்குமரம். ஆய்வுக்குத் தண்ணீர் எடுக்க மாதம் ஒருமுறை போவேன்.

சுனாமியில் எங்கள் தீவின் அந்தப் பகுதி தாழ்ந்து, விவசாயி நாகலிங்கத்தின் வயலுக்குள் கடல் புகுந்தது. அவர் கரை போட்டு அடைத்தார். உள்ளே மாட்டிய தண்ணீர் குட்டையாக நின்று, கோடைதோறும் வற்றி, காரத்தன்மை ஏறி, அடியில் வெள்ளையாகப் படிவு விட்டது. மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக் கல். சூடே இல்லாத தண்ணீரில் அது எப்படி உருவாகிறது என்பது இன்னும் தெளிவாகவில்லை. மக்னீசியத்தில் இலேசான அணுவும் உண்டு, கனமானதும் உண்டு. கல் இலேசானதை அதிகம் எடுத்துக்கொள்ளும். கனமானது தண்ணீரில் தங்கும். அந்த வித்தியாசத்தை ஐந்து வருடமாக அளந்துவந்தேன். இன்னும் ஒரு வருடம் போதும்.

நாகலிங்கம் நல்ல மனிதர். அவர் மனைவி விசாலாட்சி வைத்த மீன்குழம்பை எத்தனையோ மத்தியானம் சாப்பிட்டிருக்கிறேன்.

ஏப்ரலில் அவர் சொன்னார்: "அச்சா சார், போதும். நாளைக்குக் கரையை வெட்டப் போறேன். மழைத் தண்ணி உப்பை அடிச்சிட்டுப் போகட்டும்."

"ஒரு வருஷம் பொறுங்க."

"க்யா சார், இந்தச் சுண்ணாம்பையா நாங்க திங்கிறது? நீங்க மெயின்லேண்டு போயிடுவீங்க."

நியாயமான பேச்சு. எனக்குக் கோபம் வரவில்லை.

குட்டையின் நடுவே, படிவுகளை அடுக்கடுக்காகப் பார்க்க, ஆளுயரத்துக்கு மேல் குழி வெட்டியிருந்தேன். அது சேறு நிரம்பிக் கிடந்தது. மேலே முழங்கால் தண்ணீர். ஆபத்து என்று காட்ட அதன் ஓரத்தில் இரண்டு மூங்கில் கழி நட்டிருந்தேன். கடல்பக்கத்து எதிர்க்கரைக்குப் போகும்போது அவர் கழிகளுக்கு இடப்பக்கமாகவே நடப்பார். அன்று சாயங்காலம் அவற்றைப் பிடுங்கி வலப்பக்கம் தள்ளி நட்டேன்.

மறுநாள் காலை மண்வெட்டியோடு இறங்கினார். வழக்கம்போல இடப்பக்கமாகப் போனார். இடுப்புவரை புதைந்தார், பிறகு மார்புவரை. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சார், கையைக் குடுங்க."

கத்தக்கூட இல்லை. நான் வருவேன் என்று நம்பியே சொன்னார்.

கரையில் கயிறு கிடந்ததே, ஏன் வீசவில்லை என்று கேட்கிறீர்கள். அன்று ஆய்வுக்குத் தண்ணீர் எடுக்கும் நாள், இன்ஸ்பெக்டர் ஐயா. அவர் துடித்ததிலேயே தண்ணீர் கலங்கிவிட்டது. தெளிய மத்தியானம் ஆயிற்று. இரண்டு புட்டி நிரப்பி, மூடி, தேதி எழுதினேன். அப்புறம் விசாலாட்சியிடம் போய்ச் சொன்னேன். நடந்து போகவில்லை, ஓடித்தான் போனேன்.