பெயருக்குப் பின்னால் கொஞ்சம் இடம்

மரக்காணத்தில் எந்த போர்டும் ரொம்ப நாள் தாங்குவதில்லை, மேடம். உப்புக் காற்று தகரத்தை அரித்துவிடும். வரும்போது நீங்கள் நின்று படித்தீர்களே, அது என் மையத்துக்கு வைத்த மூன்றாவது போர்டு. முதல் போர்டில் 'சாலமன், குடும்ப நல ஆலோசகர்' என்று மட்டும்தான் இருந்தது. அது துருப்பிடித்ததும் புதிதாக எழுத வந்த பெயின்டர் கலையரசன் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தான்.

"அண்ணே, பேருக்குப் பின்னாடி கொஞ்சம் எடம் இருக்குது. சும்மா வுட்டா நல்லா இருக்காது. எதுனா போடட்டா?"

போடச் சொன்னேன். எனக்கு எம்.ஏ. கிடைத்தது அப்படித்தான். அடுத்த போர்டு இன்னும் கொஞ்சம் அகலம், அதனால் எம்.ஃபில்லும் சேர்ந்தது. மற்றவர்கள் கண்விழித்துப் படித்து வாங்குவதை எனக்கு உப்புக் காற்று வாங்கிக் கொடுத்தது.

நிஜமான படிப்பு பத்தாவது. அதிலும் கணக்கு இரண்டாம் முறைதான் கைகொடுத்தது. அப்புறம் கல்யாணத் தரகு. ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்கள். நான் தாராளமானவன், ஆயிரத்தோடு நிறுத்தியதில்லை. நான் முடித்துவைத்த ஜோடிகள் சண்டை போட்டுக்கொண்டு என்னிடமே திரும்பி வந்தார்கள். இருவரையும் எதிரெதிரே உட்கார வைப்பேன். பேசி முடித்து, ஒரே இலையில் சாப்பிட வைத்து, ஒரே வண்டியில் ஏற்றி அனுப்புவேன். கைராசிக்காரன் என்று ஊரில் பெயர். இதற்குக் கவுன்சலிங் என்று பெயர் இருப்பதே புதுச்சேரியில் ஒரு ஓட்டல் ஹாலில் நடந்த வகுப்புக்குப் போனபோதுதான் தெரிந்தது. மதியம் பிரியாணி போட்டார்கள். அதன்பிறகு நடந்த பாடத்தில் நான் தூங்கிவிட்டேன். பெண்ணின் உயிருக்கு ஆபத்து என்றால் என்ன செய்யவேண்டும் என்பதுதான் அந்தப் பாடம் என்று பக்கத்தில் இருந்தவர் பிறகு சொன்னார்.

போன வருஷம் ஆஷ்லின் வந்தாள். எங்கள் கோயில் தெரு அமிர்தசாமியின் மகள். சென்னையில் இதற்கென்றே முதுகலை படித்தவள். அதற்குமேல் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரின் மேற்பார்வையில் பயிற்சியும் முடித்து, உங்கள் கவுன்சிலில் ஆலோசகர் பதிவுக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். அதுவரை சும்மா இருப்பானேன் என்று என்னிடம் வேலைக்குச் சேர்ந்தாள்.

"அண்ணே, நீங்க யார்கிட்ட சூப்பர்விஷன் எடுத்தீங்க?" என்று கேட்டாள்.

"மாதாகிட்டம்மா" என்றேன்.

சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் எதற்குச் சிரித்தாள் என்று பல நாள் யோசித்தேன்.

கொஞ்ச நாளிலேயே வருகிற பெண்கள் வாசலில் நின்று உள்ளே எட்டிப்பார்த்து, "படிச்ச பொண்ணு இல்லீங்களா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவர்கள் கண்ணெதிரே எம்.ஃபில்லோடு நான்தான் உட்கார்ந்திருப்பேன். வயிறு எரிந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

மழை தொடங்கி உப்பளத்தில் வேலை நின்றபோது சந்தியா வந்தாள். உப்பு வாரும் பெண். கணவன் ஜான்சன் உப்பு லாரி ஓட்டுகிறவன். நான் முடித்துவைத்த ஜோடிதான். வேலை இல்லாத மாதங்களில் அவளைக் கை நீட்டி அடிப்பான். இந்த முறை கழுத்தை நெரித்திருந்தான். விரல் பதிந்த தடத்தை ஆஷ்லின் பார்த்தாள். சந்தியாவை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அண்ணே, கழுத்துல கை வச்சவன் அடுத்த தடவ உசுரோட வுடமாட்டான். எங்களுக்கு மொத வருஷமே சொல்லித் தந்தாங்க. ரெண்டு பேரையும் சேத்து ஒக்கார வைக்காதீங்க. இவ எங்க இருக்கான்னு அவனுக்குத் தெரியவே கூடாது."

அன்றே சந்தியாவை இடையஞ்சாவடியில் தன் தோழி வீட்டில் கொண்டுபோய் வைத்தாள். எங்களைத் தவிர யாருக்கும் இடம் தெரியாது.

மறுவாரம் ஜான்சன் வந்து என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அழுகிற மாப்பிள்ளையைக் கண்டால் தரகன் மனம் இளகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் என் கண் வாசலில் இருந்தது. ஆஷ்லினைப் பார்க்க வந்த பெண்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். படித்தவள் பிரித்துவைத்ததை நான் சேர்த்துவைத்தால் இவர்கள் யாரைத் தேடி வருவார்கள் என்று மனத்துக்குள் ஓடியது.

சான்றிதழ் சரிபார்ப்புக்கு ஆஷ்லினை நீங்கள் சென்னைக்குக் கூப்பிட்டிருந்தீர்கள் அல்லவா, அன்றைக்குத்தான் ஜான்சனோடு அவன் பைக்கில் இடையஞ்சாவடி போனேன். மல்லிகைப்பூவும் மைசூர்பாகும் வாங்கிக்கொண்டேன். தோழி வேலைக்குப் போயிருந்தாள். சந்தியா கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாக, "அக்கா என்னா சொன்னாங்க?" என்று மட்டும் கேட்டாள். என் எம்.ஃபில்லை அவளும் மதிக்கவில்லை.

"ஆஷ்லினே சொல்லிட்டாங்கம்மா, இப்ப வீட்டுக்குப் போலாம்னு. நான் பொய்யா சொல்லப்போறேன்?"

கதவு திறந்தது.

பஸ் ஸ்டாப் பக்கத்து ஓட்டலில் வழக்கம்போல இருவரையும் ஒரே இலையில் சாப்பிட வைத்தேன். சந்தியா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அவர்கள் பைக்கில் போனார்கள். நான் பஸ் ஏறினேன்.

அந்த வாரமே அவளை உப்பளத்து வாய்க்காலிலிருந்து எடுத்தார்கள். ஆஷ்லின் சொன்னபடி கழுத்துதான்.

வீடு திரும்பிய அன்று சந்தியா தன் அம்மா ஆனந்தம்மாளிடம், ஆஷ்லின் அக்கா சொல்லித்தான் வந்தேன் என்று சொல்லியிருக்கிறாள். அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் அந்த அம்மாள் ஆஷ்லினின் கையைப் பிடித்து, "உன் பேச்ச நம்பித்தானேடி போனா?" என்று கேட்டாள். ஆஷ்லின் என்னைப் பார்த்தாள். நான் ஃபாதருக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தேன். குடை பிடிப்பவன் நடுவில் பேச முடியாதல்லவா? பிறகு அவள் என்னைக் கைகாட்டினாள். நேற்று வந்த பெண் கைராசிக்காரனைக் கைகாட்டினால் ஊர் யாரை நம்பும்? கைதாகிச் சிறையில் இருக்கும் ஜான்சனும் அவளை அழைத்துவந்தது யார் என்று சொல்லவில்லை.

ஆனந்தம்மாளின் புகாரால் ஆஷ்லினின் பதிவு நின்றுபோனதும், என்னைச் சாட்சியாகக் கேட்க நீங்கள் வந்ததும் இப்படித்தான். அவள்தான் அனுப்பினாள் என்று சொல்லத் தயாராகத்தான் இருந்தேன். மனசாட்சியெல்லாம் குறுக்கே வரவில்லை. நீங்கள் உள்ளே நுழைந்ததும், "எம்.ஃபில். எந்தப் பல்கலைக்கழகம்?" என்றீர்கள். இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட அதைக் கேட்டதில்லை. அந்த ஒரு கேள்விக்கு மட்டும் என்னிடம் பொய் தயாராக இல்லை.

தெரியாமல் செய்துவிட்டான் என்று எழுதாதீர்கள், மேடம். அது படிக்காதவனுக்குக் கிடைக்கும் சலுகை. எனக்கு ஒரு படித்தவள் எதிரே நின்று எல்லாம் சொல்லித் தந்திருந்தாள். தெரிந்தே, அவள் பெயரைச் சொல்லியே சந்தியாவை அழைத்துவந்து அவன் கையில் கொடுத்தேன். கொலையில் பாதி என்னுடையது. ஆஷ்லின்மேல் ஒரு குற்றமும் இல்லை. அவளுக்குப் பதிவைக் கொடுத்துவிடுங்கள்.

போர்டைக் கழற்றச் சொல்வீர்கள். எம்.ஏ.வையும் எம்.ஃபில்லையும் நானே சுரண்டிவிடுகிறேன். கைராசி மட்டும் பொய்யில்லை, மேடம். அன்று ஓட்டல் வாசலில் என் கண்ணால் பார்த்தேன். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு, ஒரே வண்டியில்தான் போனாள்.