தெக்க பாத்த ஆன்டெனா

கொஞ்சம் காலை அந்தப் பக்கம் தள்ளி வச்சுக்குங்கண்ணா, கம்பி குத்திடப் போகுது. கண்டக்டர் டாப்புல போடச் சொன்னாரு. நான்தான் மாட்டேன்னுட்டேன். மடியிலயே வச்சுக்கறேன்னு சொல்லி லக்கேஜ் டிக்கெட்டும் வாங்கிட்டேன். இனி யாரும் கேக்க முடியாதுல்ல.

ஆமா, டிவி ஆன்டெனாதான். புதுசா? எங்கண்ணா புதுசு. இங்க பாருங்க, ரெண்டு கம்பி வளைஞ்சிருக்கு. நிமித்தலாம், அஞ்சு நிமிஷ வேலை. பதிமூணு வருஷமா மைசூர்ல எனக்கு இதான் தொழில். கேபிள் வந்ததுக்கப்புறம் மாட்டறத விட கழட்டறதுதான் ஜாஸ்தி, அது வேற கதை. இதை மட்டும் நான் நிமித்தல. கல்லு பட்டு வளைஞ்சது. அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

நீங்களும் ஹனூரா? நல்லதாப் போச்சு. அப்ப கடைசி வரைக்கும் துணை இருக்கு. நரசீபுரா வர்றதுக்குள்ள இவ்வளவு பேசறானேன்னு நினைக்காதீங்க. ஹனூர்ல ஒருத்தர்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும். அஞ்சு வருஷமா சொல்லல. இன்னிக்கு அவரே கடுதாசி போட்டு வரச் சொல்லியிருக்காரு. வாய மூடிட்டு உக்காந்தேன்னா கொள்ளேகால்ல இறங்கி அடுத்த பஸ்ஸுல திரும்பிடுவேன். அதுக்காகத்தான் பேசறேன்.

லிங்கப்பன்னு பேரு. தெரியாதா? ஊருக்கு வெளிய, அவரு சம்சாரம் நாச்சம்மாளோட அண்ணன் காட்டுல ஒரு சின்ன வீடு போட்டு இருக்காங்க. முந்தி எங்க தெருவுல இருந்தாரு. ஹெப்பாள்ல ஒரு ஃபேக்டரில வேலை, கம்பெனி பஸ்ல போவாரு வருவாரு. அமைதியான மனுஷன். சுத்தமா கன்னடம் பேசுவாரு. பேரு வேற லிங்கப்பன். லிங்கப்பான்னு சொன்னா முடிஞ்சுது, யாருக்கும் சந்தேகமே வராது. என் பேரும் அப்படித்தான், சுப்பையா. தெருவுல எல்லாரும் ஆன்டெனா சுப்பண்ணான்னுதான் கூப்பிடுவாங்க. பாதிப் பேருக்கு நான் தமிழன்னே தெரியாது. நானும் சொல்லிக்கிட்டதில்ல, எதுக்கு.

குடி வந்த மறுவாரமே லிங்கப்பன் என் வீட்டுக்கு வந்தாரு. தமிழ் ஸ்டேஷன் தெரியற மாதிரி ஒரு ஆன்டெனா போட்டுக் குடுங்கன்னாரு. அது லேசுப்பட்ட வேலை இல்லண்ணா. கன்னடத்துக்கு வடக்க பாத்து வச்சாப் போதும், ஒரு குச்சி நட்டாலும் வந்துடும். தமிழுக்குத் தெக்க பாக்கணும். சாமுண்டி மலை குறுக்க நிக்குது. அதுனால இருபதடி பைப்பு, நாலு பக்கமும் இழுத்துக் கட்ட கம்பி, கீழ பூஸ்டர் பெட்டி. அப்படியும் பாதி நாள் திரையில எறும்புதான் ஓடும். சத்தம் மட்டும் நல்லா வரும். வெள்ளிக்கிழமை பாட்டுக்காக ஜனங்க அந்த எறும்பையே பாத்துட்டு உக்காந்திருப்பாங்க.

எப்படி வைப்போம்னா, நான் மேல ஏறிப் பைப்ப பிடிச்சுத் திருப்புவேன். அவரு உள்ள டிவி முன்னாடி. நாச்சம்மா நடுவுல படிக்கட்டுல நின்னு, அவரு சொல்றத எனக்குக் கத்துவாங்க. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், ஐயோ போயிடுச்சு, மறுபடி திருப்புங்கன்னு. ஒன்ற மணி நேரம் ஆச்சு. படம் விழுந்ததும் லிங்கப்பன் வெளிய ஓடியாந்து மேல பாத்துக் கும்பிட்டாரு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. காத்துக்கு இது திரும்பவே கூடாது சுப்பையான்னாரு. சரின்னு கிளாம்புல ஒரு நட்டுக்கு ரெண்டு நட்டாப் போட்டு, பன்னெண்டு-பதிமூணு சைஸ் ஸ்பேனர்ல என் பலத்தையெல்லாம் வச்சு முறுக்குனேன். யாரு வீட்டுக்கும் அப்படி முறுக்குனதில்ல.

அப்புறம் அந்த டிசம்பர். காவேரிக் கலாட்டா. இந்தப் பக்கமெல்லாம் உங்களுக்குத் தெரியாததா. நீங்களும் ராத்திரியோட ராத்திரியா மாட்ட ஓட்டிக்கிட்டு மலையேறித் தமிழ்நாட்டுப் பக்கம் ஓடினவங்களா? அப்ப நான் சொல்ல வேண்டியதே இல்ல.

முதல் நாள் மண்டி மொஹல்லா பக்கம் தமிழங்க கடை எரியுதுன்னாங்க. மறுநாள் காலையில நான் செஞ்ச முதல் வேலை என்ன தெரியுமா? என் மாடில ஏறி என் ஆன்டெனாவ வடக்க திருப்பிட்டேன். யாரும் சொல்லல. தொழில் தெரிஞ்சவன்ல, எனக்குத் தோணிடுச்சு. நான் இறங்கறத லிங்கப்பன் பாத்துட்டாரு. என்னப்பா சுப்பையா, எதுக்குத் திருப்பறன்னாரு. காத்துக்குத் திரும்பிடுச்சு, சரி பண்ணேன்னேன். ஓ அப்படியான்னு தலையாட்டிட்டுப் போயிட்டாரு. கெட்டிக்காரத்தனமாப் பண்ணிட்டோம்னு அப்ப நினைச்சேன். அவருக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ரெண்டு பேரு சேந்து ஒரே நாள்ல திருப்பினா பாக்கறவங்களுக்குத் தெரிஞ்சுடும்னு பயம். என் சம்சாரம் சுலோசனா நிறை மாசம். நான் வேற என்ன பண்ணுவேன்னு நினைச்சுக்கிட்டேன்.

அவருகிட்ட இதைச் சொல்லத்தான் போறேனான்னா கேக்கறீங்க? இல்லண்ணா... கேளுங்க, வரேன்.

மத்தியானம் மூணு மூணரை இருக்கும். ஒரு ஐம்பது அறுவது பேரு தெருவுக்குள்ள வந்தாங்க. வந்தவங்க கதவப் பாக்கல, பேரு போர்டு பாக்கல. தலைய மேல தூக்கி மாடி மாடியாப் பாத்துக்கிட்டே வந்தாங்க. லிங்கப்பன் ஜன்னல் வழியா அதப் பாத்திருக்காரு. அவருக்குப் புரிஞ்சு போச்சு. காலையில நான் எதுக்கு ஏறினேன்னும் அப்பதான் புரிஞ்சிருக்கும். விடுவிடுன்னு மாடிக்கு ஓடிப் பைப்ப ரெண்டு கையாலயும் பிடிச்சுத் திருப்பறாரு. எங்க திரும்பும்? நான் முறுக்குன நட்டு. தொங்கிப் பாக்கறாரு, தோள குடுத்துப் பாக்கறாரு, அசையல. நான் என் வாசல்ல நிக்கறேன். என்னப் பாத்துட்டாரு. சுப்பையா, ஸ்பேனர், ஸ்பேனர்னு கத்தினாரு. தமிழ்லயா கன்னடத்துலயா, ஸ்பேனருக்கு எந்த பாஷை. அது என் சட்டைப் பையிலதான் இருந்துச்சு. காலையில வச்சது. கை அதைத் தொட்டுக்கிட்டே இருக்கு, கால் நகரல.

கல்லு வந்துச்சு. ஆன்டெனால ரெண்டு பட்டுது. மூணாவது அவரு நெத்தியில பட்டுது. கைப்பிடிச் சுவர் மேல சாஞ்சு அப்படியே மாடியிலேர்ந்து கீழ விழுந்தாரு.

லிங்கப்பன் குடியிருந்த வீட்டு ஓனர் கௌரம்மா நம்ம ஆளு இல்லண்ணா, பச்சைக் கன்னடக்காரி. அந்தம்மா நாச்சம்மாளையும் குழந்தை மோகனப்ரியாவையும் தன் சாமி ரூமுக்குள்ள தள்ளிப் பூட்டிட்டு, வாசப்படில குறுக்க உக்காந்துக்கிச்சு. என்னைக் கொன்னுட்டு உள்ள போங்கடான்னுச்சு. வயசு அறுவத்தஞ்சு. ஒருத்தன் அந்தம்மாளத் தாண்டல. வாசல்ல இருந்த சைக்கிளக் கொளுத்திட்டுப் போயிட்டாங்க.

எல்லாம் போனப்புறம் லிங்கப்பனத் தூக்கிட்டு ஓடினது நான்தான். தள்ளுவண்டில போட்டு, பழைய துணியப் போத்தி, கர்ஃப்யூல ஆஸ்பத்திரி வரைக்கும் தள்ளிட்டுப் போனேன். உசுரு மிஞ்சுச்சு. இடுப்புக்குக் கீழ உணர்ச்சியே இல்ல. அதுலேர்ந்து அவருக்கு நான் தெய்வம். கடுதாசில என்ன எழுதியிருக்காரு தெரியுமா, உன் கைராசிக்கு யாரு வருவா, நீ கழட்டி எடுத்துட்டுப் போன அந்தப் பழைய ஆன்டெனா இருந்தா அதையே கொண்டா, அது நல்லா இழுக்கும்னு. நீ மேல நின்னு திருப்பு, நான் கட்டில்ல படுத்துக்கிட்டுப் படம் வந்துதா இல்லையான்னு சொல்றேன்னு.

உங்க மேல என்ன தப்புன்னு சொல்றீங்க. ஐம்பது பேருக்கு நடுவுல நீங்க போயிருந்தா உங்களையும் போட்டிருப்பாங்கன்னு சொல்றீங்க. எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க, இதுவரைக்கும் கேட்டா.

நாச்சம்மா மட்டும் ஆஸ்பத்திரில ஒரு நாள் கேட்டாங்க. எப்படிங்கண்ணா கண்டுபிடிச்சாங்க, நாங்க வந்து மூணு மாசம் கூட ஆகல, உங்களத் தவிர தெருவுல ஒருத்தர்கிட்டயும் தமிழ் பேசினதில்ல, ஆன்டெனாவப் பாத்தா தெரியும்னு அவங்களுக்கு யாரு சொல்லியிருப்பான்னு. யாரோ சொல்லியிருப்பாங்கம்மான்னேன். அந்தம்மா என் மூஞ்சியவே பாத்துட்டு இருந்துச்சு. அப்புறம் காப்பி வாங்கிட்டு வரட்டுமான்னு கேட்டுச்சு.

ஹனூர் வந்துடுச்சா? அதுக்குள்ளயா. அந்தப் பூஸ்டர் பெட்டிய எடுங்கண்ணா, சீட்டுக்கு அடியில இருக்கு.

அன்னிக்கு அந்த ஐம்பது பேரும் முதல்ல என் வாசலுக்குத்தான் வந்தாங்க. முன்னாடி நின்னவன் மஞ்சுநாத். அவன் வீட்டுக்கும் நான்தான் ஆன்டெனா மாட்டினேன். சுப்பண்ணா, நீ எல்லா வீட்டுக்குள்ளயும் போறவன், இந்தத் தெருவுல அவங்க யாரு யாருன்னு கேட்டான். மிரட்டக் கூட இல்ல, மரியாதையாத்தான் கேட்டான். உள்ள சுலோசனா தமிழ்ல யாருங்க அதுன்னு குரல் குடுத்துடுவாளோன்னு எனக்கு வேர்த்துக் கொட்டுது. ஆளுங்கள எனக்குத் தெரியாதுப்பா, ஆன்டெனா மட்டும்தான் தெரியும், வடக்க பாத்தா நம்மது, தெக்க பாத்தா அவங்களுதுன்னேன்.

நம்மதுன்னேன்ணா. அந்த வார்த்தைதான்.

எந்திரிச்சுட்டீங்களா. சரி, போங்க, நீங்க முதல்ல இறங்குங்க. இல்ல, பிடிக்க வேண்டாம், இத நானே இறக்கிக்கறேன். முதல்ல மாட்டிட்டு, மேல நிக்கும்போதே சொல்லிடலாம்னு இருக்கேன். அவரு கட்டில்ல இருப்பாரு, மூஞ்சியப் பாக்க வேண்டாம். நாச்சம்மா நடுவுல நின்னு நான் சொல்றத உள்ள சொல்லும்.

இந்தத் தடவ ஒத்த நட்டுதான் கொண்டாந்திருக்கேன். கையாலயே கழட்டிடலாம். அவரால இனி ஏற முடியாதுதான், தெரியும்ணா.