தொண்டை நல்லாகிவிட்ட பாடகன்

சுங்குவார்சத்திரத்தில் நான் கம்பெனி பஸ் ஏறியதும், முன்சீட்டு இளைஞன் பக்கத்திலிருந்த நண்பனிடம் சொன்னான்: "தொண்டை நல்லாயிடுச்சு மச்சி. அதான் இப்ப பிரச்சனை."

அவன் டெத் மெட்டல் என்கிற முரட்டு ராக் இசை பேண்ட் ஒன்றில் உறுமிப் பாடுகிறவனாம்.

"தகடு அடிக்கிற பிரஸ் மெஷின் சத்தத்துல கத்திக் கத்திதான்டா எனக்கு அந்த உறுமலே வந்துச்சு. இப்ப குவாலிட்டி செக்கிங்குக்கு மாத்தி ஏசி ரூம்ல உக்கார வச்சிட்டாங்க. புது ஆல்பத்துல கொஞ்சிகினு கீறேன்."

"கேட்டேன்டா. எங்க பாப்பா நல்லா தூங்குச்சு."

"இன்னும் ரெண்டு பாட்டு பாக்கி கீது. அதுலயும் உறுமல் வரலன்னா வேற ஆள் போட்டுக்கறாங்களாம்."

"திரும்ப பிரஸ் ஷாப்புக்கே போவ வேண்டியதுதான?"

"நேத்து அங்க போயி சூப்பர்வைசர்கிட்ட கேட்டேன் மச்சி. மெஷின் சத்தத்துல நான் பேசுனது அவருக்குக் காதுலயே வுழல."