சாமி வேண்டாம்னுருச்சு

தண்டாயுதபாணி: …ஆகவே, ஊரின் மானம், கழகத்தின் எதிர்காலம், வருங்கால இளைஞர் சமுதாயத்தின் நல்வாழ்வு ஆகிய மூன்றையும் கருத்திற்கொண்டு, ஜலகண்டாபுரம் இடிமுழக்கம் கிரிக்கெட் கழகத்தின் உயர்மட்ட ஆலோசனைக் குழு, இன்று வெள்ளிக்கிழமை மாலை, பிள்ளையார் கோயிலை ஒட்டிய தேநீர் விடுதியில் கூடி, வரலாற்றுச் சிறப்புமிக்க முடிவொன்றை எட்டியுள்ளது என்பதை, செயலாளர் தண்டாயுதபாணி ஆகிய நான் பெருமகிழ்ச்சியுடன்…

கதிர்வேல்: பெருமகிழ்ச்சி வேண்டாமுங்ணா. ஒருத்தர டீமுலருந்து தூக்கறோம்.

தண்டாயுதபாணி: சரி… ஆழ்ந்த வருத்தத்துடன்.

கதிர்வேல்: அதும் வேண்டாம். சிரிச்சுட்டே படிக்கறீங்க.

தண்டாயுதபாணி: உனக்கு எது எழுதுனாலும் குத்தம். கேப்டன்னு பேரு, ஒரு அறிக்கை எழுதத் துப்பில்ல.

கதிர்வேல்: உயர்மட்டக் குழுன்னு போட்டிருக்கீங்களே, அதுல யாரு யாருங்ணா?

தண்டாயுதபாணி: நீயி. நானு.

கதிர்வேல்: மத்தவிய?

தண்டாயுதபாணி: மத்தவிய பீல்டிங் பண்ணட்டும். டீயக் குடி, ஆறுது.

கதிர்வேல்: இன்னும் நாம முடிவே பண்ணலியே. எட்டியாச்சுன்னு எழுதீட்டீங்க.

தண்டாயுதபாணி: முடிவு பண்ணிப்போட்டுத்தான் குழுவக் கூட்டோணும். கூட்டீட்டு முடிவு பண்ணா அதுக்குப் பேரு சந்தை.

கதிர்வேல்: அப்ப வேலுமணி மாமனத் தூக்கறதுன்னு நீங்களே…

தண்டாயுதபாணி: நாம. நாம தூக்கறோம். நாலு மேட்ச்சு பாத்தாச்சு. மொத ஓவர்லயே ஆட்டத்தக் குடுத்துட்டு வர்றான். போன வாரம் என்ன போட்டான்?

கதிர்வேல்: பந்துதான்.

தண்டாயுதபாணி: வைடு. வைடு மேல வைடு. கைய நீட்டுன அம்பயர் மடக்கவேயில்ல. பஸ் ஸ்டாண்டுல வழி சொல்றவனாட்ட நின்னான்.

கதிர்வேல்: நடுவுல ரெண்டு கேட்ச்சும் வந்துதுங்ணா.

தண்டாயுதபாணி: புடிச்சாங்களா?

கதிர்வேல்: …இல்ல.

தண்டாயுதபாணி: யாரு உட்டது?

கதிர்வேல்: கீப்பரு.

தண்டாயுதபாணி: கீப்பர் யாரு?

கதிர்வேல்: அது வேற விசயமுங்ணா.

தண்டாயுதபாணி: அதத்தான் நானும் பெருந்தன்மையா அறிக்கையில சேக்கல.

கதிர்வேல்: பத்து வருசமா மொத ஓவர் போட்டவரு. நம்ம டீமுல புதுப்பந்து போடத் தெரிஞ்ச ஒரே ஆளு. ஒரேயடியாத் தூக்கறதுக்குப் பதிலா, மூணாவது ஓவருக்குக் கொண்டாரலாம். பந்து கொஞ்சம் பழசாச்சுன்னா அவருக்குக் கையில நிக்கும்.

தண்டாயுதபாணி: மொத ஓவர் போட்டவனுக்கு மூணாவது ஓவர் குடுக்கறது, சம்பந்திய ரெண்டாம் பந்தீல உக்கார வெக்கறாப்பல. அவமானம்.

கதிர்வேல்: டீமுலருந்தே தூக்கறது?

தண்டாயுதபாணி: அது ஓய்வு. அதுல மரியாதை இருக்குது. பொன்னாடை போத்தறோம். பந்துவீச்சு ஆலோசகர்னு பட்டம் குடுக்கறோம். 'ஓய்வெடுக்கும் இடியே'ன்னு பஸ் ஸ்டாண்டுல ஒரு பிளெக்ஸ். அவன் படம் சின்னதா, என் படம் பெருசா.

கதிர்வேல்: அவருதான ஓய்வெடுக்கறாரு?

தண்டாயுதபாணி: ஓய்வு குடுக்கறது யாரு?

கதிர்வேல்: பிளெக்ஸும் வேண்டாம், பொன்னாடையும் வேண்டாமுங்ணா. நாளைக்கு ராத்திரி அவர ஊட்ல தூங்க உடுங்க. அது போதும்.

தண்டாயுதபாணி: ஏன், இப்பத் தூங்கறதில்லியா?

கதிர்வேல்: சனிக்கெழம ராத்திரி பூரா தறி. விடிஞ்சு ஷிப்டு முடிச்சு, அப்படியே பனியன மாத்தீட்டு கெரவுண்டுக்கு வர்றாரு. ஓடி வர்றப்பவே கண்ணு சொருகுது. நாலு வாரமா இதே கததான்.

தண்டாயுதபாணி: யாரு தறில?

கதிர்வேல்: உங்க தறிலதானுங்ணா.

தண்டாயுதபாணி: …தறி வேற, கெரவுண்டு வேற. ரெண்டையும் போட்டுக் கொழப்பாத. துண்டு ஆர்டரு நிக்குது. ஊரு மானம் பெருசுதான், அதுக்குன்னு தறிய நிறுத்த முடியுமா?

கதிர்வேல்: நெசத்தச் சொல்லுங்க. அவரத் தூக்கோணும்னது யாரு?

தண்டாயுதபாணி: சாமி சொல்லிருச்சு.

கதிர்வேல்: எந்தச் சாமி?

தண்டாயுதபாணி: கவின் சாமி. நம்ம போர் போடற ரிக் வண்டி ஜீவானந்தம் பையன். டீமுக்கே பனியன் எடுத்துக் குடுத்தவரு ஊட்டுப் புள்ள. காலேஜ் முடிச்சுட்டு வந்திருக்குது. ஞாயித்துக்கெழம ஆத்தூர்க்காரங்களோட பைனல்ல மொத ஓவர் நாந்தான் போடுவேன், வேலுமணி வேண்டாம்னுருச்சு.

கதிர்வேல்: அந்தத் தம்பி பந்து போட்டு நீங்க பாத்திருக்கீங்களா?

தண்டாயுதபாணி: போட்டோ பாத்தேன். நல்ல ஒயரம்.

கதிர்வேல்: அதுக்கு எதுக்குங்ணா சாமிப் பட்டம்?

தண்டாயுதபாணி: நான் எல்லாரையும் சாமின்னுதான் கூப்படறது. டீ மாஸ்டர்கூட சாமிதான்.

கதிர்வேல்: என்னய நாயேன்னுதானுங்ணா கூப்படறீங்க.

தண்டாயுதபாணி: அது பாசம்.

கதிர்வேல்: சரி, மாமங்கிட்ட யாரு சொல்றது?

தண்டாயுதபாணி: கேப்டன் நீதான்.

கதிர்வேல்: எங்கக்கா புருசனுங்ணா. நாஞ் சொன்னா, அக்கா எனக்கு அந்தூட்ல பச்சத்தண்ணி குடுக்காது. நீங்க செயலாளரு, அந்த அறிக்கையப் படிச்சுக் காட்டுங்க.

தண்டாயுதபாணி: தறிக்கு ஆளு கெடைக்கறதே பெரும்பாடா இருக்குது. நான் மூஞ்சிக்கு நேராச் சொல்லி, அவன் கோவிச்சுட்டு வேற பட்டறைக்குப் போயிட்டா துண்டு ஆர்டரு என்னாவறது?

கதிர்வேல்: அப்ப யாருதான் சொல்றது?

தண்டாயுதபாணி: …சாமி சொல்லட்டும்.

கதிர்வேல்: கவினுங்களா? அது எங்க வந்து…

தண்டாயுதபாணி: கேளு. சாமி வேண்டாம்னுருச்சு. அவ்வளவுதான் சொல்லப் போறோம். நெசந்தான? எந்தச் சாமின்னு நாம சொல்லலியே. கோயில்ல கேட்டுட்டு வந்தோம்னு அவனா நெனச்சுக்கிட்டான்னா, அது அவன் பக்தி.

கதிர்வேல்: பாவமுங்ணா.

தண்டாயுதபாணி: பொய் சொன்னாத்தான் பாவம். நாம ஒரு பொய்யும் சொல்லலியே… உஸ். அங்க பாரு, அவனே வர்றான். அறிக்கைய மடிச்சு வெய்யி.

வேலுமணி: ஏனுங்ணா, இங்கதான் இருக்கீங்களா. கெரவுண்டெல்லாம் தேடிப்போட்டு வாரேன்.

தண்டாயுதபாணி: வா சாமி, வா. உக்காரு. மாஸ்டர், சாமிக்கு ஒரு டீ.

வேலுமணி: என்ன மாப்ள, மூஞ்சி தொங்கிக் கெடக்குது?

கதிர்வேல்: பல்லு வலி மாமா.

வேலுமணி: மத்தியானம் எங்கூட்ல எலும்பக் கடிச்சப்ப வலிக்கலியா?

கதிர்வேல்: …அதுக்கப்பறந்தான் வலிக்குது.

வேலுமணி: ரெண்டு பேரும் டீமப் பத்தித்தான் பேசீட்டு இருந்தீங்களாட்ட இருக்குது.

தண்டாயுதபாணி: பொதுவா. நாட்டு நடப்பு.

வேலுமணி: நானே கேட்டர்றனுங்ணா. ஞாயித்துக்கெழம மொத ஓவர் யாருங்க?

தண்டாயுதபாணி: அது வந்து… கழகத்தோட எதிர்காலம்னு ஒண்ணு இருக்குதில்ல…

வேலுமணி: நாலு வாரமா எனக்குப் பந்து சரியா உழுவுலீங்க. தெரியும். நான் சாக்குச் சொல்ல வரல.

கதிர்வேல்: ரெண்டு கேட்ச்சு போச்சே மாமா…

வேலுமணி: போனது போவுட்டும் மாப்ள, அத நான் யாருகிட்டயும் பேசல. …வாரம் பூரா அந்தத் தறிச் சத்தத்துல நிக்கறது எதுக்குன்னா, அந்த ஆறு பந்துக்குத்தானுங்ணா. புதுப்பந்து எங்கைல இருக்கும். அத்தன பேரும் கம்முனு என்னயவே பாத்துட்டு நிப்பாங்க. அந்நேரத்துக்குத்தான் எங்காதுல தறி ஓடறது நிக்கும். அவ்வளவுதானுங்க எனக்கு. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிப்போடுங்க. நேரா. ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.

தண்டாயுதபாணி: அதாவது சாமி…

வேலுமணி: சொல்லுங்க.

தண்டாயுதபாணி: சாமி வேண்டாம்னுருச்சு.

வேலுமணி: யாருங்க?

தண்டாயுதபாணி: சாமி.

வேலுமணி: …எந்தச் சாமிங்க?

தண்டாயுதபாணி: அதென்ன கேள்வி. சாமின்னா சாமிதான்.

வேலுமணி: கோயில்ல போயி கேட்டீங்களா?

தண்டாயுதபாணி: …கேட்டாச்சு.

வேலுமணி: பூப் போட்டுங்களா? வெள்ள ஒண்ணு, செவப்பு ஒண்ணு, பொட்டலங் கட்டிப் போட்டு, ஒண்ண எடுக்கச் சொல்லி?

தண்டாயுதபாணி: பின்ன? மொறப்படி.

வேலுமணி: என்ன பூ வந்துது?

தண்டாயுதபாணி: வெள்ள.

கதிர்வேல்: செவப்பு.

வேலுமணி: ரெண்டுல எதுங்க?

தண்டாயுதபாணி: மொதல்ல வெள்ள வந்துது. சந்தேகம் வேண்டாம்னு இன்னொருக்காப் போட்டோம், செவப்பு வந்துது.

வேலுமணி: வெள்ள வந்தா உத்தரவு குடுத்தாச்சுன்னு அர்த்தமுங்களே.

தண்டாயுதபாணி: அதனாலதான் ரெண்டாவதும் போட்டோம்.

வேலுமணி: மாப்ள, நீயும் கூட இருந்தயா?

கதிர்வேல்: …இருந்தேன் மாமா.

வேலுமணி: டீ டம்ளரப் பாத்துச் சொல்லாத. என்னயப் பாத்துச் சொல்லு.

கதிர்வேல்: இருந்தேன்.

வேலுமணி: சரி. சாமியே சொல்லிருச்சுன்னா நாம யாரு மறுத்துப் பேசறதுக்கு.

தண்டாயுதபாணி: இதுதான் பெருந்தன்மை. அறிக்கையில 'தன்னலமற்ற'ன்னு ஒரு வார்த்த சேத்தறேன்.

வேலுமணி: அறிக்கை வேறயா. …ஆனா ஒண்ணுங்ணா. ஞாயித்துக்கெழம கெரவுண்டுக்கு வந்தா எங்கை சும்மா இருக்காது. பழக்க தோசத்துல பந்தப் புடுங்கிருவேன். கோயில்ல சூடம் எரியுதுங்க, செவுத்துக்கு அந்தப் பக்கந்தான. அணைச்சு சத்தியம் பண்ணிப்போடறேன். வாங்க.

கதிர்வேல்: அதெல்லாம் எதுக்கு மாமா. வேண்டாம்.

தண்டாயுதபாணி: நீ சும்மாரு. மனசு வந்து பண்றவனத் தடுக்காத. நட சாமி, நாங்களும் வாரோம்.

கதிர்வேல்: ங்ணா, சத்தியம் பண்ணீட்டா அப்பறம் அவரு செத்தாலும் பந்தத் தொட மாட்டாரு. எனக்குத் தெரியும்.

தண்டாயுதபாணி: அதுதான வேணும்.

கதிர்வேல்: மாமா, கொஞ்சம் நில்லுங்க. சூடத்துக்கிட்டக் கைய நீட்டாதீங்க. நான் ஒண்ணு சொல்லோணும்.

வேலுமணி: சொல்லு மாப்ள.

கதிர்வேல்: அது வந்து மாமா…

வேலுமணி: நின்னுட்டுத்தான இருக்கறேன். சொல்லு.

தண்டாயுதபாணி: பல்லு வலின்னானே, பேச முடியல போலருக்குது.

கதிர்வேல்: …ஒண்ணுமில்ல மாமா. கை பத்தரம்.

வேலுமணி: புள்ளையாரப்பா. ஞாயித்துக்கெழம நான் பந்தத் தொட மாட்டேன். …ஆச்சுங்க.

தண்டாயுதபாணி: அருமை. நம்ம கழக வரலாத்துல இப்படி ஒரு தியாகத்த…

கதிர்வேல்: சுட்டுருச்சா மாமா?

வேலுமணி: தறிக்காரன் கை. சுடாது.

தண்டாயுதபாணி: சரி சாமி, ஷிப்டுக்கு நேரமாவுது. நாளைக்கு ராத்திரியும் வந்துரு, துண்டு நிக்குது.

வேலுமணி: வாரனுங்ணா. தறியத் தொட மாட்டேன்னு நான் சத்தியம் பண்ணலியே.

தண்டாயுதபாணி: ஞாயித்துக்கெழம கெரவுண்டுக்கும் வா. முன்னால சேர் போடச் சொல்றேன். மொத ஓவர் நம்ம கவின் சாமி போடப்போவுது, உக்காந்து கைதட்டு.

வேலுமணி: அந்தச் சாமி ஞாயித்துக்கெழம பெங்களூரு போவுதுங்ணா, ஆட வராது. அதச் சொல்லீட்டு வரச் சொல்லித்தான் ஜீவானந்தம் அய்யா என்னய அனுப்புனாரு.