ஏழாவது சோதனை: முக்கிய நபர்

பெயிண்ட் கடையில் வேலை பார்ப்பவர்கள் தங்கள் வீட்டுச் சுவரைப் பெரும்பாலும் வெள்ளையாகவே விட்டுவிடுவார்கள். பகலெல்லாம் நிறம் பார்த்த கண்ணுக்கு அது ஓய்வு. என் வீடும் வெள்ளைதான்.

இன்ஸ்பெக்டர் சார், நீங்கள் கேட்டது இரண்டு கேள்விகள். செவ்வாய்க்கிழமை முதலாளியம்மாவை ஏன் குடோனுக்குள் வைத்துப் பூட்டினேன் என்பது ஒன்று. வெள்ளிக்கிழமை திறந்துவிட்டு ஏன் மறுபடியும் பூட்டினேன் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குக் காகிதத்திலேயே பதில் இருக்கிறது, அதிலிருந்து தொடங்குகிறேன். சனிக்கிழமை நீங்கள் கதவை உடைத்திருக்க வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாவி பக்கத்து ஆணியில்தான் தொங்கியது.

எங்கள் கடையின் சொத்து டப்பாக்கள் அல்ல, கலவைக் குறிப்புகள். நாலாயிரத்துச் சொச்சம் வீடுகளின் நிறம் கணினியில் இருக்கிறது. ஒருவர் ஐந்து வருடம் கழித்து வந்து, "அதே பச்சை, அரை லிட்டர் போதும்" என்பார். எந்தச் சாயம் எத்தனை மில்லி என்று குறிப்பு இல்லாவிட்டால் அவர் சுவரில் தேமல் விழுந்துவிடும். நான் சேர்வதற்கு முன்னால் ஒருமுறை கணினி படுத்து, அத்தனையும் போனது. அந்த வருடம் ஊரில் பாதி வீடுகள் இரண்டு நிறத்தில் நின்றனவாம். அதன் பிறகுதான் என்னை வேலைக்கு எடுத்தார்கள்.

"தம்பி, இனிமே எது போனாலும் கடை நிக்கக் கூடாது," என்றார் முதலாளியம்மா.

நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

மூன்று நகல் வைத்தேன். கடைக் கணினியில் ஒன்று, தனி ஹார்ட் டிஸ்கில் ஒன்று, இரண்டு தெரு தள்ளியிருக்கும் குடோனில் இரும்புப் பெட்டிக்குள் ஒன்று. ஆனால் பேக்கப் எடுப்பது பாதி வேலைதான். மீட்டுப் பார்க்காத நகல் திறந்து பார்க்காத டப்பா மாதிரி. உள்ளே காய்ந்து கல்லாகியிருக்கலாம். அதனால் மாதம் ஒன்றாக ஏழு சோதனைகள் வகுத்து, ஒரு பக்கத்தில் எழுதினேன். மின்சாரம் போவது, டிஸ்க் கெடுவது, வைரஸ், தண்ணீர், தீ, திருட்டு, முக்கிய நபர் இல்லாமல் போவது. முதலாளியம்மா ஃபோனில் பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அந்தக் காகிதம் உங்கள் மேசையில் இருக்கிறது.

தீச் சோதனைக்கு ஒரே ஒரு கணினியைத்தான் எரித்தேன். அதுவும் கொல்லையில் வைத்து. எங்கள் கலவைக்காரர் எந்த நிறத்துக்கும் இன்னும் அரைச் சொட்டு வேண்டும் என்பார். அதனால் அவர் பெயரே அரைச்சொட்டு ஆகிவிட்டது. அவரைத் தீயணைப்பானோடு பக்கத்தில் நிறுத்தியிருந்தேன். ஒரு மணி நாற்பது நிமிடத்தில் கடை மீண்டது. "கிறுக்குதான், ஆனா கெட்டிக்காரன்," என்று முதலாளியம்மா யாரிடமோ சொன்னார். புதுக் கணினியும் வாங்கித் தந்தார்.

ஆறாவது சோதனைக்கும் ஏழாவதுக்கும் நடுவில் என் மனைவி இறந்துபோனாள். நான்காம் நாள் வேலைக்கு வந்தேன். ஒரு கோப்புகூடக் குறையவில்லை. வீட்டில்தான் சாப்பிடாமல் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சோதனை இரண்டு மாதம் தள்ளிப்போனது.

முக்கிய நபரை விடுப்பில் அனுப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் விடுப்பில் போனவர் ஃபோனை எடுப்பார். இல்லாமல் போனவர் எடுக்க மாட்டார். மாதாமாதம் இருப்புப் பார்க்க முதலாளியம்மா குடோனுக்கு வருவது வழக்கம். செவ்வாய்க்கிழமை அவர் வருவதற்கு முன்பே மெத்தை, மின்விசிறி, பன்னிரண்டு பாட்டில் தண்ணீர் எல்லாம் வைத்துவிட்டேன். கழிப்பறை உள்ளேயே இருக்கிறது. நெடி அடிக்கக் கூடாது என்று டப்பா மூடிகளை இரண்டு முறை அழுத்திப் பார்த்தேன். அவர் எண்ணிக்கொண்டிருக்கும்போது ஃபோனை வாங்கி இரும்புப் பெட்டியில் நகலோடு வைத்துப் பூட்டினேன். பிறகு கதவைச் சாத்தினேன். பக்கத்தில் தகரம் வெட்டும் பட்டறை. யார் கத்தினாலும் தகரம்தான் கேட்கும்.

கடை அருமையாக நடந்தது.

"அம்மா வரலையா?" என்றார் அரைச்சொட்டு.

"இல்ல."

"அப்பாடா. இன்னிக்காவது நான் போடுற கலர்ல யாரும் மூக்க நுழைக்க மாட்டாங்க."

புதன்கிழமை முதலாளியம்மாவின் கணவர் வந்தார். "கார் சாவிய அவ எங்க வச்சான்னு தெரியுமா தம்பி?"

அதுவும் என் குறிப்பில் இருந்தது. மேசையின் இரண்டாவது இழுப்பறை. சாவியை எடுத்துக்கொண்டு, "கோவிச்சுக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போயிருப்பா, தானா வருவா," என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மூன்று நாளில் அவர் கேட்டது அது ஒன்றுதான்.

சிக்கல் முதலாளியம்மாவால்தான் வந்தது. முதல் நாள் கத்தினார். மறுநாள் நான் கம்பி ஜன்னல் வழியாக ரொட்டி நீட்டியபோது குரல் இறங்கியிருந்தது.

"பள்ளிக்கூடத்துக்காரங்க வந்தாங்களா? ஜன்னலுக்குப் பழைய பச்சையக் குடுத்துராத. போன வருஷம் மாத்திட்டாங்க."

"அதச் சொல்லாதீங்கம்மா. நீங்க இப்ப இல்ல."

"இல்லாதவளுக்கு எதுக்குடா ரொட்டி கொண்டு வந்த?"

நியாயமான கேள்வி. ரொட்டியை ஜன்னலில் வைத்துவிட்டு வந்தேன். அந்தப் பச்சையை மாற்றிக் குறிக்காமல் அவர் தலைக்குள்ளேயே வைத்திருந்தார். இந்தச் சோதனை இல்லாவிட்டால் அது தெரிந்தே இருக்காது.

வெள்ளிக்கிழமை நண்பகலோடு சோதனைக்கு வகுத்த எழுபத்திரண்டு மணி நேரம் முடிந்தது. கடை ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. யாரும் சாப்பிடாமல் இருக்கவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டு யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. நான் பார்த்த வரையில் வெற்றிதான். அந்தக் காகிதத்தில் கடைசிக் கட்டம் மட்டும் பாக்கி. அதை நிரப்பத்தான் கதவைத் திறந்தேன்.

முதலாளியம்மா வாசல்படிக்கு வந்தார். சேலையெல்லாம் கசங்கியிருந்தது. அடிப்பார் என்று எதிர்பார்த்தேன், அடிக்கவில்லை. நான் அவருக்குப் பின்னால் பார்த்தேன். அலமாரிகள், டப்பாக்கள், மெத்தை. கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.

"யாரத் தேடுற தம்பி?" என்றார்.

யாரையும் தேடவில்லை என்றேன். அது உண்மை. அவர் என் முகத்தைப் பார்த்தபடியே இரண்டடி பின்னால் போனார். நான் தள்ளவில்லை. கதவைச் சாத்தி, சாவியை ஆணியில் மாட்டினேன். அன்று மாலை கணவர் அக்கா வீட்டுக்கு ஃபோன் செய்ததும், பிறகு உங்களிடம் வந்ததும் எனக்குத் தெரியாது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் காகிதத்திலேயே பதில் இருக்கிறது. கடைசிக் கட்டத்தைப் பாருங்கள். போனவர் திரும்பி வந்தாரா என்பது கேள்வி. முதலாளியம்மா வந்தார், ஆனாலும் இல்லை என்றுதான் எழுதியிருக்கிறேன். இல்லை என்று வந்தால் சோதனையை முதலிலிருந்து மறுபடி செய்ய வேண்டும். விதி அப்படி.