கம்பெனி கொடுக்காத கதவு

எனக்குப் பொதுவாகவே எந்தப் பொருளையும் அழுக்காக்கப் பிடிக்காது, ஐயா. எங்கள் வீட்டு டிவி ரிமோட் வாங்கி எத்தனையோ வருடம் ஆகிறது. இன்னும் பாலிதீன் உறையில்தான் இருக்கிறது. எந்தப் பொத்தான் எதற்கு என்று தெரியாது. ஆனால் ரிமோட் புதுசு.

காரையும் அப்படித்தான் வைத்திருந்தேன். பந்தயத்தில் ஓடக்கூடிய கார் என்று சொல்லித்தான் விற்றார்கள். பந்தயத் திடலுக்குக் கொண்டுபோன பிறகுதான் கம்பெனியின் வண்டவாளம் தெரிந்தது. பந்தயத்துக்கென்று தனி பெல்ட் இல்லை. எடை குறைந்த கதவும் இல்லை. அவர்கள் கொடுக்காததால், பக்கத்து சீட்டின் கதவை நானே கழற்றி ஓரமாக வைத்தேன். என் பக்கக் கதவைக் கழற்றவில்லை. எனக்குக் காற்று ஒத்துக்கொள்ளாது.

நேரம் பார்த்துச் சொல்ல என் மனைவியின் தம்பி ஸ்டாப்வாட்சோடு வந்தான். நல்ல பையன், என் பேச்சைத் தட்டமாட்டான். ஏறி உட்கார்ந்து இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தான்.

"மாமா, பெல்ட்ட எங்க மாட்றது?"

"கம்பெனிக்காரன் ஒழுங்கா குடுக்கலடா. கெட்டியா புடிச்சுக்கோ."

"எத மாமா?"

அதற்குள் கொடி அசைத்துவிட்டார்கள்.

ஒரு வளைவில் பக்கத்தில் பேச்சு நின்றது. பார்த்தால் சீட் காலி. நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்கள். என் மனைவியும் அதையேதான் கேட்டாள். அதன்பிறகு எதுவும் கேட்பதில்லை. ஆனால் ஆள் குறைந்ததும் கார் பறந்தது, ஐயா. நிறுத்த மனம் வரவில்லை. அடுத்த சுற்றில் அவன் புல்லில் கிடந்தபடி கையை ஆட்டினான். உற்சாகப்படுத்துகிறான் என்று நானும் ஆட்டினேன்.

ஆஸ்பத்திரியில், இரண்டு காலும் கட்டுப்போட்டுத் தொங்க, அவன் முதலில் நீட்டியது ஸ்டாப்வாட்சைத்தான். நான் கடந்து போனபோது அழுத்தியிருக்கிறான். அப்படிப்பட்ட பையன், ஐயா.

அதனால்தான் மறைக்காமல் சொல்கிறேன். பெல்ட் இருந்தது. எல்லாக் காரிலும் இருக்கிற பெல்ட்தான். அதைச் செருகும் இடம், அவன் சீட்டில் நான் பிரிக்காமல் விட்ட பிளாஸ்டிக் கவருக்கு அடியில் இருந்தது. அவன் வழுக்கியதும் அந்தக் கவரில்தான். என் சீட்டில் மட்டும் கவரைக் கிழித்து பெல்ட் மாட்டியிருந்தேன். ஓட்டுகிறவன் பத்திரமாக இருக்க வேண்டாமா?

அடுத்த வாரம் அவனை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். என் காரிலேயே அழைத்துவரப் போகிறேன். கதவை மாட்டிவிட்டேன். கவரை மட்டும் பிரிக்கவில்லை. கட்டுப்போட்ட காலோடு வருகிறான், சீட்டில் மருந்து பட்டுவிடும்.